எலி வைரஸ் மனிதனுக்குள் வந்ததா? எக்ஸ்.எம்.ஆர்.வி. கதையும் ஒரு ஆய்வுப் பாடமும்



எலக்ட்ரானிக்ஸ் லேபில் எல்லாருமே பார்த்திருக்கும் ஒரு காட்சி. ஆசிலாஸ்கோப் திரையில் 50 ஹெர்ட்ஸில் ஒரு அலை அழகாக ஓடிக்கொண்டிருக்கும். சர்க்யூட்டுக்கு வரும் சப்ளையை ஆஃப் செய்தாலும் அது போகாது. ஏன்னா அது நம்ம சர்க்யூட்டிலிருந்து வரவே இல்லை. சுவருக்குள் ஓடும் மின்கம்பியிலிருந்து ப்ரோப் பிடித்துக்கொண்ட இரைச்சல் அது.

இதே மாதிரி ஒரு இரைச்சல், 2006 முதல் 2012 வரை மருத்துவ உலகத்தையே ஆட்டி வைத்தது. அதற்குப் பெயர் எக்ஸ்.எம்.ஆர்.வி. சுண்டெலிகளின் ரத்தப் புற்றுநோய் வைரஸுக்கு நெருங்கிய உறவு. இந்த வைரஸ் மனிதர்களுக்குத் தொற்றுகிறது, புராஸ்டேட் புற்றுநோய்க்கும் நாள்பட்ட சோர்வு நோய்க்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று பெரிய பெரிய ஆய்விதழ்களில் கட்டுரைகள் வந்தன. கடைசியில் என்ன ஆச்சு, எப்படிக் கண்டுபிடிச்சாங்க என்பதுதான் இந்தக் கட்டுரை. பயாலஜி நமக்கு எதுக்கு என்று ஸ்க்ரோல் பண்ணிடாதீங்க. இது அளவீடு பற்றிய கதை. நம்ம எல்லாருக்கும் தேவையான கதை.

முதலில், ரெட்ரோவைரஸ் என்றால் என்ன?

நம் செல்களில் தகவல் பொதுவாக ஒரு திசையில்தான் போகும். டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ., அதிலிருந்து புரதம். ரெட்ரோவைரஸ் இதைத் திருப்பிப் போடும். அது ஆர்.என்.ஏ.வாக செல்லுக்குள் வந்து, தன்னை டி.என்.ஏ.வாக மாற்றிக்கொண்டு, நம் டி.என்.ஏ.வுக்கு நடுவிலேயே தன்னைச் செருகிக்கொள்ளும். சோர்ஸ் கோடில் யாரோ பத்து வரியை நுழைத்து சேவ் செய்துவிட்ட மாதிரி. அந்த செல் பிரியும்போதெல்லாம் அந்தப் பத்து வரியும் சேர்ந்தே காப்பி ஆகும். எச்.ஐ.வி. இந்த வகைதான்.

சில சமயம் இந்தச் செருகல் கருமுட்டையிலோ விந்தணுவிலோ நடந்துவிடும். அப்போது அது பரம்பரைச் சொத்தாகிவிடும். மனித டி.என்.ஏ.வில் சுமார் 8 சதவீதம், பெரும்பாலும் கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் நம் முன்னோர்களைத் தாக்கிய ரெட்ரோவைரஸ்களின் மிச்சம்தான். சுண்டெலிக்கும் அப்படித்தான். ஒரு வித்தியாசம், சுண்டெலியின் டி.என்.ஏ.வில் இருப்பவற்றில் சில இன்னமும் உயிர்ப்போடு இருக்கின்றன. அதாவது சுண்டெலியின் எந்த செல்லை எடுத்தாலும் அதற்குள் இந்த வைரஸ்களின் வரிசைகள் இருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்க, பின்னால் தேவைப்படும்.

இந்த வைரஸ்களில் 'ஜீனோட்ராபிக்' என்று ஒரு வகை உண்டு. இவை தாம் குடியிருக்கும் ஆய்வக எலியின் செல்களைத் தாக்காது, மற்ற விலங்குகளின் செல்களைத் தாக்கும். எக்ஸ்.எம்.ஆர்.வி. பெயரில் உள்ள 'எக்ஸ்' இதைத்தான் குறிக்கிறது.

கண்டுபிடிப்பு: 2006

அமெரிக்காவில் கிளீவ்லாந்து கிளினிக்கைச் சேர்ந்த ராபர்ட் சில்வர்மேன் ஆர்.என்.ஏ.ஸ்.எல். என்ற ஜீனை ஆராய்ந்துகொண்டிருந்தார். செல்லுக்குள் வைரஸ் வந்தால் அதன் ஆர்.என்.ஏ.வை வெட்டிப்போடும் நொதிக்கான ஜீன் இது. இதில் குறை இருப்பவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் அதிகம் வருகிறதோ என்ற சந்தேகம் அப்போது இருந்தது. காவல்காரன் சரியில்லாத வீட்டில் திருடன் இருப்பானோ என்பது நியாயமான கேள்விதானே?

சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜோசப் டெரிசியின் குழு, ஆயிரக்கணக்கான வைரஸ் வரிசைகளை ஒரே கண்ணாடித் துண்டில் பதித்த 'வைரோசிப்' என்ற கருவியை வைத்திருந்தது. இருவரும் சேர்ந்து 86 பேரின் புராஸ்டேட் கட்டிகளைச் சோதித்தார்கள். அந்த ஜீனின் இரண்டு பிரதிகளிலும் குறை இருந்த 20 பேரில் 8 பேருக்கு வைரஸ் தென்பட்டது. மற்ற 66 பேரில் ஒருவருக்கு மட்டும். 40 சதவீதத்துக்கு எதிராக 1.5 சதவீதம்! கருதுகோளுக்கு அச்சு எடுத்தது போலப் பொருந்திய முடிவு.

பெரிய செய்தி: 2009

2009 அக்டோபரில் 'சயின்ஸ்' இதழில் அடுத்த குண்டு விழுந்தது. நெவாடா மாநிலம் ரீனோவில் இருந்த விட்டமோர் பீட்டர்சன் நிறுவனத்தின் ஜூடி மிகோவிட்ஸ் குழு, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஃபிராங்க் ரஸ்செட்டியோடும் சில்வர்மேனோடும் சேர்ந்து எழுதிய கட்டுரை. நாள்பட்ட சோர்வு நோயாளிகள் 101 பேரில் 68 பேர் ரத்தத்தில் எக்ஸ்.எம்.ஆர்.வி. (67 சதவீதம்). ஆரோக்கியமான 218 பேரில் 8 பேருக்கு (3.7 சதவீதம்).

இந்த நோயைப் பற்றி ஒரு வார்த்தை. இது வெறும் களைப்பு இல்லை. கொஞ்சம் நடந்தாலே நாள்கணக்கில் படுக்கையில் தள்ளும். தூங்கி எழுந்தாலும் சோர்வு தீராது. அமெரிக்காவில் மட்டும் 8 லட்சத்திலிருந்து 25 லட்சம் பேர் வரை இதனால் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று 2015இல் அங்குள்ள மருத்துவ நிறுவனம் மதிப்பிட்டது. ஆனால் ரத்தப் பரிசோதனையில் எதுவும் காட்டாததால், "எல்லாம் மனசுலதான் இருக்கு" என்று பல வருடமாகத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இவர்கள். திடீரென்று ஒரு வைரஸ், அதுவும் எச்.ஐ.வி. குடும்பத்து வைரஸ் கிடைத்ததும் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? பயம் ஒரு பக்கம். நம் நோய் நிஜம் என்று யாரோ கடைசியில் சொல்லிவிட்டார்களே என்ற நிம்மதி ஒரு பக்கம்.

விளைவுகள் வேகமாக வந்தன. 2010இல் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் என்று வரிசையாக இந்த நோய் உள்ளவர்களிடம் ரத்த தானம் வாங்குவதை நிறுத்தினார்கள். காசு வாங்கிக்கொண்டு எக்ஸ்.எம்.ஆர்.வி. டெஸ்ட் செய்தார்கள். நோயாளிகளில் சிலர் எச்.ஐ.வி.க்கான மருந்துகளையே சாப்பிட ஆரம்பித்தார்கள். பக்கவிளைவுகள் உள்ள மருந்துகள் அவை.

மற்றவர்கள் தேடினால் கிடைக்கவில்லை

2010 ஜனவரியில் லண்டன் இம்பீரியல் கல்லூரி 186 நோயாளிகளைச் சோதித்தது. பூஜ்யம். நெதர்லாந்தில் 32 பேர். பூஜ்யம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சோதித்த 51 பேரிலும் பூஜ்யம்.

ஆனால் 2010 ஆகஸ்டில், பின்னாளில் ஹெபடைடிஸ் சி ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற ஹார்வி ஆல்ட்டர் இடம்பெற்ற ஒரு குழு, 37 நோயாளிகளில் 32 பேருக்கு எலி வைரஸ் போன்ற வரிசைகள் இருப்பதாகச் சொன்னது. நல்லாப் பாருங்க, அதே எக்ஸ்.எம்.ஆர்.வி. இல்லை, அதன் குடும்பத்தைச் சேர்ந்த வேறு வரிசைகள். சிலர் இதை ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். சிலருக்குச் சந்தேகம் கூடியது. சில லேபில் பெரும்பாலானவர்களுக்கு இருக்கு, சில லேபில் ஒருத்தருக்கும் இல்லை. நடுவில் எதுவும் இல்லை. நோயாளியைப் பொறுத்து மாற வேண்டிய முடிவு, லேபைப் பொறுத்து மாறியது.

துப்பறியும் படலம்

இங்கேதான் சுவாரசியமே. நான்கு தடயங்களைப் பார்ப்போம்.

தடயம் 1: பி.சி.ஆர். இது டி.என்.ஏ.வை நகல் எடுக்கும் முறை. ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாகும். 30 சுற்றில் ஒரு மூலக்கூறு 107 கோடியாகும். 40 சுற்றில் ஒரு லட்சம் கோடியைத் தாண்டிவிடும். அதாவது எங்கிருந்தோ ஒரே ஒரு எலி டி.என்.ஏ. துண்டு குழாய்க்குள் விழுந்தாலும் 'பாசிட்டிவ்' வரும். எலியின் எந்த செல்லிலும் இந்த வைரஸ்களின் வரிசைகள் உண்டு என்று பார்த்தோமே? மருத்துவ ஆய்வகங்களில் எலி சம்பந்தப்படாத பொருளைத் தேடுவதுதான் கஷ்டம். 2010 டிசம்பரில் 'ரெட்ரோவைராலஜி' இதழில் ஒரே நேரத்தில் நான்கு கட்டுரைகள் வந்தன. அதில் ஒன்று, கடையில் வாங்கும் பி.சி.ஆர். கிட்டிலேயே எலி டி.என்.ஏ. இருந்ததைக் காட்டியது. அந்த நொதியோடு சேர்க்கும் ஆன்டிபாடி எலி செல்களில் தயாராவது. நோயாளியின் ரத்தமே இல்லாமல் வெறும் தண்ணீரைப் போட்டாலும் சில சமயம் பாசிட்டிவ் வந்தது!

தடயம் 2: வேறுபாடு இல்லாமை. ரெட்ரோவைரஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவும்போது மாறிக்கொண்டே போகும். இரண்டு எச்.ஐ.வி. நோயாளிகளின் வைரஸ்கள் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது. ஆனால் வேறு வேறு ஊர்களில், வேறு வேறு வருடங்களில் எடுத்த எக்ஸ்.எம்.ஆர்.வி. வரிசைகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்தன. லண்டன் குழு ஒன்று இவற்றை 22ஆர்வி1 என்ற செல் லைனில் இருக்கும் வைரஸோடு ஒப்பிட்டது. இது ஒரு நோயாளியின் புராஸ்டேட் கட்டியிலிருந்து உருவாக்கி, உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளர்க்கப்படும் செல் கூட்டம். இந்த ஒரு செல் லைனுக்குள் இருந்த வேறுபாடு, எல்லா நோயாளிகளிடமும் எடுத்த வரிசைகளுக்கு இடையிலான வேறுபாட்டைவிட அதிகம். வம்ச மரம் போட்டுப் பார்த்தால் செல் லைன் வைரஸ்தான் தாத்தா, நோயாளிகளிடம் கிடைத்தவை பேரப்பிள்ளைகள். கிட் ஹிஸ்டரி பார்த்து எந்தக் கோடு எதிலிருந்து காப்பி ஆனது என்று கண்டுபிடிக்கிறோமே, அதே வேலைதான்.

தடயம் 3: செருகிய இடம். "வைரஸ் நோயாளியின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகியிருப்பதைப் பார்த்தோம், இது எப்படி வெளியிலிருந்து வந்த மாசு ஆகும்?" என்பது ஆதரவாளர்களின் பலமான வாதம். புராஸ்டேட் நோயாளிகளிடம் இப்படி 14 இடங்கள் பதிவாகியிருந்தன. 2011இல் ஒரு பிரிட்டிஷ் குழு அந்த இடங்களைத் தேடிப் பார்த்தது. அதில் இரண்டு, அதே ஆய்வகத்தில் சோதனைக்காக வைரஸ் ஏற்றிய டியு145 என்ற செல் லைனில் பதிவான இடங்களோடு ஓர் எழுத்துகூட மாறாமல் ஒத்துப்போயின. மனித டி.என்.ஏ.வில் சுமார் 300 கோடி எழுத்துகள். அதில் தற்செயலாக இரண்டு முறை அதே எழுத்தில் வந்து உட்காருமா? உட்கார்ந்தது நோயாளியின் செல்லில் இல்லை. லேப் செல்லின் டி.என்.ஏ.தான் நோயாளியின் மாதிரியில் கலந்திருந்தது.

தடயம் 4: பிறந்த இடம். இதுதான் கிளைமாக்ஸ். தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் வினய் பதக், ஜான் காஃபின் ஆகியோரின் குழுக்கள் அந்த 22ஆர்வி1 செல்லின் ஜாதகத்தையே தோண்டினார்கள். அதன் மூலக் கட்டியை 1990களில் நோய் எதிர்ப்பு சக்தி இல்லாத எலிகளின் உடலில் வைத்து, ஒரு எலியிலிருந்து இன்னொரு எலிக்கு மாற்றி மாற்றி வளர்த்திருந்தார்கள். நல்லவேளை, அந்தப் பழைய கட்டிகளின் மாதிரிகளை யாரோ பொறுப்பாக ஃப்ரீஸரில் வைத்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தால், ஆரம்ப காலக் கட்டிகளில் எக்ஸ்.எம்.ஆர்.வி. இல்லை. பிந்தைய கட்டிகளில் இருக்கிறது.

எலியின் டி.என்.ஏ.வில் இரண்டு வைரஸ் துண்டுகள் இருந்தன. தனித்தனியே இரண்டுமே முழு எக்ஸ்.எம்.ஆர்.வி. இல்லை. ஒன்றின் பாதியையும் மற்றதன் பாதியையும் ஒட்டினால் எக்ஸ்.எம்.ஆர்.வி. கிடைக்கிறது. ஆக, 1993க்கும் 1996க்கும் இடையில் ஏதோ ஒரு எலிக்குள் இரண்டு துண்டும் சேர்ந்து இந்த வைரஸ் பிறந்திருக்கிறது. அதே சேர்க்கை வேறெங்காவது தனியாக இன்னொரு முறை நடக்க வாய்ப்பு எவ்வளவு? லட்சம் கோடியில் ஒன்று. 2011 மே மாத இறுதியில் 'சயின்ஸ்' இதழ் இதை வெளியிட்டது. அந்தக் கட்டியிலிருந்து வந்த செல்கள் உலக ஆய்வகங்களுக்கெல்லாம் போக, வைரஸும் கூடவே பயணம் செய்திருக்கிறது.

"அப்ப ஏன் நோயாளிகளுக்கு மட்டும் அதிகமா வந்துச்சு?"

நல்ல கேள்வி. மாசு என்றால் எல்லா மாதிரிகளிலும் சமமாகத்தானே வரணும்? அப்படி இல்லை. நோயாளிகளின் மாதிரியும் ஆரோக்கியமானவர்களின் மாதிரியும் வேறு வேறு நாளில் சேகரிக்கப்பட்டு, வேறு வேறு முறையில் கையாளப்பட்டால், மாசும் வேறு வேறு அளவில்தான் சேரும். பல மாதம் லேபில் இருந்து, பலமுறை திறந்து மூடிய குழாய்க்கு ஆபத்து அதிகம். யார் நோயாளி என்று தெரிந்தே தேடினால், 'இல்லை' என்று வந்த மாதிரியை இன்னொரு தடவை பார்க்கத் தோன்றும்.

இதைத் தீர்க்க ஒரே வழிதான். 2011இல் ஒன்பது ஆய்வகங்களுக்கு ஒரே மாதிரிகளைக் குறியீட்டு எண் மட்டும் போட்டு அனுப்பினார்கள். முன்பு பாசிட்டிவ் என்று சொல்லப்பட்ட 15 பேர், வைரஸ் இல்லை என்று உறுதி செய்யப்பட்ட 15 பேர். எது யாருடையது என்று ஆய்வகங்களுக்குத் தெரியாது. முடிவு என்ன? இரண்டு ஆய்வகங்கள் மட்டும் பாசிட்டிவ் சொல்லின. அவையும் நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில் சொல்லின. ஒன்றின் முடிவோடு மற்றது ஒத்துப்போகவும் இல்லை.

2012 செப்டம்பரில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இயன் லிப்கின் தலைமையில் கடைசிச் சோதனை. 147 நோயாளிகள், 146 ஆரோக்கியமானவர்கள். புதிதாக எடுத்த ரத்தம், எல்லாமே குறியீட்டு எண்ணில். முக்கியமான விஷயம், முதலில் 'இருக்கு' என்று சொன்ன மிகோவிட்ஸ், ரஸ்செட்டி, ஆல்ட்டர் குழுவினரும், 'இல்லை' என்று சொன்னவர்களும் ஒன்றாகச் சேர்ந்து செய்தார்கள். ஒருவருக்கும் வைரஸ் இல்லை. எல்லாரும் அந்தக் கட்டுரையில் சேர்ந்தே கையெழுத்திட்டார்கள்.

'சயின்ஸ்' கட்டுரை 2011 டிசம்பரில் திரும்பப் பெறப்பட்டது. ஆல்ட்டர் குழுவின் கட்டுரையும் அதே மாதம். 2006 கட்டுரை 2012இல். அதிலும் ஒன்றைக் கவனிக்கணும். தன் ஆய்வகத்தில் மாசு எங்கிருந்து வந்தது என்று பழைய மாதிரிகளை மறுபடி எடுத்துத் தேடி, விவரமாக எழுதி வெளியிட்டவர்களில் சில்வர்மேன் குழுவும் உண்டு. ஆறு வருட உழைப்பைத் தானே ரத்து செய்வது லேசான காரியமா?

மூன்று கேள்வி, மூன்று பதில்

இந்தக் கதையில் பலர் குழம்பியதற்குக் காரணம், மூன்று கேள்விகளை ஒன்றாகப் போட்டுக்கொண்டதுதான்.

1. எக்ஸ்.எம்.ஆர்.வி.யால் மனித செல்லைத் தாக்க முடியுமா? முடியும். ஆய்வகத் தட்டில் தாக்குகிறது. ஆனால் நம் ரத்த செல்களில் இருக்கும் சில தற்காப்புப் புரதங்கள் அதைப் பலமாகத் தடுக்கின்றன.

2. மனிதர்களிடம் அது உண்மையில் இருக்கிறதா? இருப்பதற்கு ஆதாரம் இல்லை. கிடைத்ததெல்லாம் ஆய்வக மாசு.

3. அது நோயை உண்டாக்குகிறதா? இரண்டாவதே இல்லாதபோது மூன்றாவதற்கு இடமில்லை.

முதல் கேள்விக்கு 'ஆம்' என்ற பதில் வந்ததும் மற்ற இரண்டுக்கும் 'ஆம்' என்று நினைப்பது சுலபம். செய்தித்தாள் தலைப்புகளில் இது அடிக்கடி நடக்கும். அடுத்த முறை 'இந்த வேதிப்பொருள் புற்றுநோய் செல்லைக் கொல்கிறது' என்று வாட்ஸ்அப்பில் வந்தால், தட்டிலா மனிதரிலா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

நம்ம ப்ராஜெக்டுக்கு என்ன எடுத்துக்கலாம்?

* வெற்று மாதிரியை எப்போதும் கூடவே ஓட்டுங்க. சென்சாரை எதிலும் இணைக்காமல் ஒரு ரீடிங், தண்ணீரை மட்டும் போட்டு ஒரு ரீடிங்.
* ஒப்பிடும் இரண்டு தொகுப்பையும் ஒரே நாளில், ஒரே கருவியில், கலந்து கலந்து அளவிடுங்க. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று வேண்டாம்.
* எது எது என்று அளப்பவருக்குத் தெரியாமல் லேபிளை நண்பரை விட்டு மாற்றச் சொல்லுங்க.
* உணர்திறன் கூடக் கூட இரைச்சலும் கூடும். மெஷின் லேர்னிங் செய்பவர்களுக்கும் இது பொருந்தும். டெஸ்ட் டேட்டா ட்ரெயினிங்கில் கலந்துவிட்டால் 99 சதவீதத் துல்லியம் சும்மாவே வரும்.
* பழைய மாதிரி, பழைய டேட்டா, லேப் நோட்புக் எதையும் தூக்கிப் போடாதீங்க. ஃப்ரீஸரில் இருந்த பழைய கட்டிதான் இந்த வழக்கையே முடித்தது.
* நம்ம கருதுகோளுக்கு ரொம்ப அழகாகப் பொருந்தும் முடிவு வந்தால், கொண்டாடுவதற்கு முன் வேறு எங்கிருந்து இது வந்திருக்கலாம் என்று ஒரு பட்டியல் போடுங்க.

கடைசியாக, அந்த நோயாளிகள். வைரஸ் பொய்யானதும் "பாத்தியா, நோயே பொய்தான்" என்று சொன்னவர்கள் உண்டு. அது தவறு. ஒரு காரணம் இல்லை என்று நிரூபணம் ஆனதே தவிர, நோய் இல்லை என்று யாரும் நிரூபிக்கவில்லை. இது நிஜமான, உடலைச் சார்ந்த, கடுமையான நோய் என்று 2015இல் அதே அமெரிக்க மருத்துவ நிறுவனம் தெளிவாக எழுதியது. லிப்கின் ஆய்வுக்காக ரத்தம் கொடுத்த 147 பேரும், தங்களுக்குப் பிடித்த பதில் வராமல் போகலாம் என்று தெரிந்தேதான் கையை நீட்டினார்கள். அவர்களுடைய நோய்க்கான உண்மையான காரணத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தவறான பாதை ஒன்று அடைபட்டதால், அந்தத் தேடலுக்கான நேரமும் பணமும் மிச்சம்.

படித்துவிட்டு உங்க கேள்விகளை அனுப்புங்க நண்பர்களே. அடுத்த இதழில் சந்திப்போம்!